மெமோ முதல் டிசி வரை: கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்பதால், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு மெமோ வந்தால் இப்போதும் எனக்குத்தான் போன் வரும். ஆள்தான் வேறு, கேள்வி அதேதான். சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனத்தில் வைத்து எழுதியது இது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிகள் நாடு முழுக்கப் பொது, அதற்கு மேல் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி விதிகள் உண்டு. முதல் வருடம் கையில் கொடுக்கும் காலேஜ் காலண்டரின் பின்பக்கங்களில் அவை பெரும்பாலும் அச்சாகியிருக்கும். மெமோ வரும்வரை அதை யாரும் திறப்பதில்லை.

"சார், மெமோ கொடுத்துட்டாங்க. அப்போ டிஸ்மிஸ்தானா?"

இல்லை. மெமோ என்பது 'உன் மேல் இப்படி ஒரு புகார் வந்திருக்கிறது, என்ன சொல்கிறாய்?' என்று எழுத்தில் கேட்பது, அவ்வளவுதான். வழக்கமான வரிசை இது: புகார், மெமோ, உங்கள் விளக்கம், விளக்கம் போதாது என்று தோன்றினால் விசாரணை, குழுவின் அறிக்கை, கடைசியில் முதல்வரின் உத்தரவு. பாதிக்கு மேல் விளக்கக் கடிதத்தோடு முடிந்துவிடும்.

மெமோவில் தேதி, இடம், என்ன செய்ததாகச் சொல்கிறார்கள் என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். 'கல்லூரி ஒழுக்கத்துக்குப் புறம்பாக நடந்துகொண்டதால்' என்று மொட்டையாக இருந்தால், எந்தச் சம்பவம் என்று கேட்டு ஒரு கடிதம் கொடுக்கலாம். அப்படிக் கேட்பது திமிர் ஆகாது.

"விளக்கக் கடிதம் எப்படி எழுதணும்? ஆபீஸ்லயே ஒரு மாதிரி கொடுத்து அதைப் பார்த்து எழுதச் சொல்றாங்க."

இந்த 'மாதிரி' விஷயத்தில்தான் நிறையப் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். அந்தத் தாளில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'நான் மேற்படி தவறைச் செய்தேன். இனிமேல் இதுபோல் நடந்துகொள்ள மாட்டேன். மீறினால் கல்லூரி எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.' பையன் வெளியே நண்பன் பைக்கோடு காத்திருக்கிறானே என்ற அவசரத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவான். ஒரு வருடம் கழித்து வேறு ஏதோ பிரச்சினை வரும்போது அந்தத் தாள் ஃபைலிலிருந்து வெளியே வரும், 'ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறான்' என்பார்கள். செய்ததை ஒப்புக்கொள்ளுங்கள், அதில் தவறே இல்லை. செய்யாததைச் சேர்த்து எழுதாதீர்கள். அன்று என்ன நடந்தது, நீங்கள் எங்கே இருந்தீர்கள், யார் பார்த்தார்கள் என்று உங்கள் வார்த்தையில் ஒரு பக்கம் போதும். தமிழில் எழுதலாம்.

கொடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் நகலில் சீலும் தேதியும் போட்டு வாங்குங்கள். போட்டுத்தர மாட்டோம் என்றால் அதே கடிதத்தை முதல்வரின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள். கீழே வரும் பாதி பதில்களுக்கு ஆதாரம் இந்த ஒரு நகல்தான்.

"விசாரணைன்னா கோர்ட் மாதிரியா? வக்கீலைக் கூட்டிட்டுப் போகலாமா?"

கோர்ட் மாதிரி கிடையாது. மூன்று நான்கு பேராசிரியர்கள், ஒரு மேசை, உங்கள் எதிரில் ஒரு ஃபைல். பொதுவாக வக்கீலை விடமாட்டார்கள், பெற்றோரை விடுவார்கள். ஆனால் உங்கள் பக்கத்தைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்பது பழைய சட்டம். 1962-லேயே உத்தரப் பிரதேசத் தேர்வு வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில், மாணவர்களுக்குப் பேச வாய்ப்புத் தராமல் தேர்வு முடிவை ரத்து செய்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதே சமயம், புகார் கொடுத்தவரை எதிரில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை எல்லா வழக்கிலும் கிடைக்காது. ராஞ்சி ராஜேந்திரா மருத்துவக் கல்லூரியில் சில மாணவர்கள் ராத்திரியில் பெண்கள் விடுதிக்குள் நுழைந்த வழக்கு 1973-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பெண்களின் வாக்குமூலத்தை அந்த மாணவர்கள் இல்லாதபோது பதிவு செய்தது சரிதான், எதிரில் நிறுத்தினால் பெண்கள் பயத்தில் பேசவே மாட்டார்கள் என்று தீர்ப்பு வந்தது. ஆக, என்ன குற்றச்சாட்டு, என்ன ஆதாரம் என்று தெரிந்துகொள்ளவும் பதில் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. யார் சொன்னார்கள் என்பதைச் சில நேரம் மறைக்கலாம்.

"சஸ்பெண்ட் பண்ணிட்டா அட்டெண்டன்ஸ் போயிடுமே?"

சஸ்பென்ஷன் இரண்டு வகை. ஒன்று, விசாரணை முடியும்வரை 'உள்ளே வராதே' என்று நிறுத்துவது. இன்னொன்று, விசாரணை முடிந்து தண்டனையாகக் கொடுப்பது. முதல் வகையில் நீங்கள் இன்னும் குற்றவாளி ஆகவில்லை. அதனால் விசாரணையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லியும், குற்றம் நிரூபணமாகாவிட்டால் அந்த நாட்களுக்கு வருகை கொடுக்கச் சொல்லியும் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். செமஸ்டர் கடைசியில் 75 சதவீதம் இடிக்கும்போது போய்ப் புலம்பினால் யாரும் கேட்க மாட்டார்கள். உத்தரவு வாயால் சொல்லப்பட்டிருந்தால், அதாவது 'ஒரு வாரம் இந்தப் பக்கம் வராதே' என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தால், அது உத்தரவே இல்லை. எழுத்தில் கேளுங்கள். பல நேரம் எழுத்தில் கேட்டதும் அந்த ஒரு வாரம் இரண்டு நாளாகச் சுருங்கும்.

"பசங்க சண்டைதானே, கையைக் குலுக்க வச்சு அனுப்பிட வேண்டியதுதானே? இதுக்குப் போய் விசாரணையா?"

இதை அப்பாக்களும் கேட்பார்கள், புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களும் கேட்பார்கள். பல சண்டைகளைப் பேசியே முடிக்கலாம், முடிக்கவும் வேண்டும். ஆனால் முதல்வர் அறையில் இரண்டு பேரையும் நிறுத்தி 'கையைக் குடுடா' என்பது சமாதானம் கிடையாது. கேன்டீன் பக்கம் போனதும் மறுபடி ஆரம்பிக்கும், இந்த முறை ஆளுக்குப் பத்துப் பேரோடு.

முதலில் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும். விடுதியில் பக்கெட்டை எடுத்தான் என்று மண்டை உடைந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டால் பக்கெட் காணாமல் போய்விடும். மெஸ் பில்லுக்கு வாங்கிய மூவாயிரம் ரூபாயை ஒருவன் திருப்பவில்லை, அதை மற்றவன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறான், இவனுடைய ஊரைச் சொல்லி யாரோ சிரிக்கும் பொம்மை போட்டிருக்கிறார்கள். சண்டை அங்கே தொடங்கியது. பேசி வைப்பவர் இரண்டு பேருடைய துறையையும் சேராதவராக இருந்தால் நல்லது. ஏற்கெனவே திட்டித் தீர்த்துவிட்ட வார்டன் வேண்டாம். முடிவை எழுத வேண்டும்: பணம் மாதம் ஆயிரமாக மூன்று தவணை, குழுவில் போட்டதை அவனே நீக்க வேண்டும், ஒருவருக்கு அறை மாற்றம். இரண்டு பேரும் கையெழுத்து. பதினைந்து நாள் கழித்து அதே ஆள் மறுபடி கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாக் கல்லூரியிலும் மறந்துவிடுகிறார்கள்.

பேசி முடிக்கவே கூடாதவையும் உண்டு. ராகிங், பாலியல் புகார், சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது, ஆயுதம். இவற்றில் ஒருவர் கை ஓங்கியும் மற்றவர் கை தாழ்ந்தும் இருக்கும்போது 'இரண்டு பேரும் விட்டுக்கொடுங்கள்' என்றால், தாழ்ந்த கைதான் விட்டுக்கொடுக்கும்.

"சீனியருக்கு குட்மார்னிங் சொல்லச் சொன்னதெல்லாம் ராகிங்கா சார்? எங்க காலத்துல..."

'எங்க காலத்துல' என்று தொடங்குபவர்களுக்கு ஒரு பெயரை நினைவுபடுத்துவேன். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்த நாவரசு ராகிங்கில் சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அந்தச் சீனியருக்கு விசாரணை நீதிமன்றம் கொடுத்த தண்டனையை உயர் நீதிமன்றம் 2001-ல் ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் 2011-ல் மறுபடி உறுதி செய்தது. அந்தக் கொலைக்குப் பிறகுதான் 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது: இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், தண்டனை பெற்றால் கல்லூரியிலிருந்து நீக்கம். புகாரைக் கண்டுகொள்ளாமல் விடும் கல்லூரித் தலைவரும் உடந்தை என்று கருதப்படுவார்.

2009-ல் இமாசலப் பிரதேச மருத்துவக் கல்லூரி மாணவர் அமன் கச்ரூ இறந்த பிறகு வந்த யுஜிசி விதிகள் இன்னும் விரிவானவை. வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்யவைத்துக் கூச்சப்பட வைப்பது, சீனியரின் ரெக்கார்டு நோட்டை ஜூனியரை எழுதவைப்பது, கேன்டீன் பில்லைக் கட்டவைப்பது எல்லாமே அதில் அடங்கும். 2016-ல் செய்த திருத்தம் சாதி, மதம், நிறம், மொழி, பிறந்த ஊர், தோற்றம், பாலினம், குடும்ப வசதி ஆகியவற்றைச் சொல்லிச் செய்யும் கொடுமையையும் சேர்த்தது. இப்போது குட்மார்னிங்குக்கு வருவோம். விரும்பிச் சொன்னால் வணக்கம். சொல்லாவிட்டால் நிற்கவைப்பேன் என்றால் ராகிங்.

"கம்ப்ளெயின்ட் கொடுத்தா பேரு வெளியே வந்துடும், அப்புறம் மூணு வருஷம் அங்கேயேதான் படிக்கணும்."

நியாயமான பயம். தேசிய ராகிங் எதிர்ப்பு உதவி எண் 1800-180-5522, 24 மணி நேரமும் இயங்கும், பெயர் சொல்லாமலும் பேசலாம். நேரடியாகச் சொல்வதென்றால் ஒரு ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள், துறை வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். பெற்றோர் புகார் கொடுத்தாலும் செல்லும். குற்றம் என்று தெரிந்தால் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் முதல்வர் காவல்துறையில் எஃப்ஐஆர் பதிவுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று 2009 விதிகள் சொல்கின்றன. 'உள்ளேயே பார்த்துக்கறோம்' என்று ஒரு வாரம் இழுத்தால் அவர்தான் விதியை மீறுகிறார்.

"செஞ்சவன் யாருன்னு தெரியலன்னு மொத்த ஹாஸ்டலுக்கும் தண்டனை. இது எந்த ஊர் நியாயம்?"

ராகிங் என்றால் அதற்கும் விதி இருக்கிறது. செய்தவரை அடையாளம் காண முடியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்கலாம் என்று 2009 விதிகளே சொல்கின்றன. எனக்கு அது பிடித்தமான விதி இல்லை, ஆனால் அது இருப்பதால் வாய் திறந்த விடுதிகளைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி உடைந்தது, சுவரில் எழுதினார்கள் என்ற வகையறாவுக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே மொத்தப் பேருக்கும் அபராதம் போட்டால் விதி எண்ணைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

"சண்டை நடந்தது பஸ்ஸுல. காலேஜுக்கு வெளியே நடந்ததுக்கு காலேஜ் எப்படி நடவடிக்கை எடுக்கலாம்?"

சென்னைக்காரர்களின் கேள்வி. ரூட்டு தல, பஸ் டே (வழக்கமாக வரும் பஸ்ஸுக்கு மாணவர்கள் எடுக்கும் விழா) எல்லாம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது: ஒரே பஸ் வழித்தடத்தில் அல்லது மின்சார ரயிலில் வரும் மாணவர்களுக்கு ஒரு 'தல', அவனுக்குக் கீழே ஒரு கூட்டம், வேறு கல்லூரிக் கூட்டத்தோடு தலைமுறை தலைமுறையாகப் பகை. 2019-ல் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் 29இ பஸ்ஸில் கத்தியோடு ஏறியதை நாடே பார்த்தது. 2024 அக்டோபரில் சென்ட்ரலில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்தே போனார்.

சம்பவத்துக்கும் கல்லூரிக்கும் தொடர்பு இருந்தால் கல்லூரி நடவடிக்கை எடுக்கலாம். ஐடி கார்டு மாட்டிக்கொண்டு, கல்லூரிப் பெயரைக் கத்திக்கொண்டு, இன்னொரு கல்லூரி மாணவனை அடித்தால் 'வெளியே நடந்தது' என்ற வாதம் நிற்காது. தவிர, காவல்துறை தனியாக நன்னடத்தைப் பிணைப்பத்திரம் வாங்கும், 2019-லேயே ரூட்டு தலைகளிடம் வாங்கினார்கள். பத்திரத்தில் சொன்ன காலத்துக்குள் மறுபடி மாட்டினால் சிறை. ஆனால் ஒன்று, தொடர்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு தலையை டிஸ்மிஸ் செய்தால் அடுத்த வாரமே வேறொருவன் தல. அதே தடத்தில் வரும் முதலாண்டுப் பிள்ளைகளிடம் ஜூனிலேயே பேசிய கல்லூரிகளுக்குத்தான் கொஞ்சமாவது பலன் கிடைத்தது.

"என் பொண்ணு ஒரு ஆசிரியர் மேல புகார் கொடுத்தா. 'பேசி முடிச்சுக்கலாம், அவ பேருதான் கெடும்'னு துறைத்தலைவர் சொல்றார்."

அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரமே இல்லை. பாலியல் புகாரை விசாரிக்க வேண்டியது உள்ளகப் புகார்க் குழு, எல்லாரும் ஐசிசி என்று சொல்வது. 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் கல்லூரிகளுக்கான 2015 யுஜிசி விதிகளும் இதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார், காரணம் இருந்தால் குழு கூடுதல் அவகாசம் தரலாம். விசாரணை 90 நாளுக்குள். சமரசம் என்பது பாதிக்கப்பட்டவரே கேட்டால் மட்டும், பணம் வாங்கிக்கொண்டு முடிப்பது எந்த நிலையிலும் கிடையாது. மாணவர்கள் சம்பந்தப்பட்டால் குழுவில் மாணவர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும்.

'நிரூபிக்க முடியலன்னா பொய்ப் புகார்னு நடவடிக்கை எடுப்பாங்களா?' என்று அடுத்து கேட்பீர்கள். நிரூபிக்க முடியாததும் பொய்யும் ஒன்றல்ல என்று சட்டமே சொல்கிறது. விசாரணை நடக்கும்போது அந்த ஆசிரியர் உங்கள் மகளுடைய இன்டர்னல் மார்க்கைப் போடாதபடி மாற்றச் சொல்லிக் குழுவிடமே எழுதிக் கேளுங்கள்.

"போலீஸ் கேஸும் இருக்கு, காலேஜ் விசாரணையும் இருக்கு. ஒரே தப்புக்கு ரெண்டு தண்டனையா?"

இரண்டும் வேறு வேறு பாதை, ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்க வேண்டியதில்லை. கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், கல்லூரிக் குழுவுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் போதும். அதனால் கோர்ட்டில் விடுதலை ஆனவன் கல்லூரியில் தண்டனை பெற்றிருப்பான், அது முரண்பாடு கிடையாது. வக்கீல் வேண்டும் என்றால் இங்கேதான் வேண்டும்: கல்லூரிக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் விளக்கம் நாளை கோர்ட்டுக்கும் போகலாம், ஆகவே கொடுப்பதற்கு முன் அவரிடம் காட்டிவிடுங்கள்.

அரசு வேலை பற்றிய பயம் இதோடு சேர்ந்தே வரும். பிற்பாடு விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள். சின்ன வழக்கை விட அதை மறைத்ததுதான் பலருக்கு வேலையைப் பறித்திருக்கிறது. 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கென்றே வழிமுறைகளை வகுத்தது.

"நீங்களே டிசி கேட்டு எழுதிக் கொடுங்க, ரிமார்க் இல்லாம தர்றோம்னு சொல்றாங்க. வாங்கிக்கலாமா?"

கல்லூரிக்கு இது வசதியான வழி: விசாரணை இல்லை, உத்தரவு இல்லை, 'சொந்த விருப்பத்தில்' போனான் என்று ஃபைல் மூடிவிடும். உங்களுக்கு வசதியா என்பது வேறு கேள்வி. குற்றம் உண்மை, ஆதாரமும் பலமாக இருக்கிறது, முதல் வருடம்தான் ஆகிறது என்றால் யோசிக்கலாம். நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று வருமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொண்டு. இறுதியாண்டு என்றால், அல்லது தப்பே செய்யவில்லை என்றால், அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு மேல்முறையீட்டுக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டினால், 2018 யுஜிசி அறிவிக்கைப்படி அப்படி வைத்திருக்கவே கூடாது.

"தண்டனை கொடுத்துட்டாங்க. அநியாயம். இப்ப யார்கிட்ட போறது?"

முதலில் கல்லூரி விதிகளில் மேல்முறையீடு யாருக்கு என்று பாருங்கள், துணைவேந்தர் அல்லது நிர்வாகக் குழுவாக இருக்கும். அதோடு, 2023 யுஜிசி விதிகளின்படி எல்லாக் கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். கல்லூரி தன் சொந்த விதிக்கு மாறாகச் செய்த நடவடிக்கையும் அங்கே குறையாக ஏற்கப்படும். 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அவருக்கு 30 நாள். அதற்கும் மேலே சென்னை உயர் நீதிமன்றமும் மதுரைக் கிளையும்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்: உன் பக்கத்தைக் கேட்டார்களா, என்ன எழுதிக் கொடுத்தாய்? மேலே விளக்கக் கடிதம் பற்றிச் சொன்ன பதிலைத் திரும்பப் படியுங்கள்.

"தப்பு என் பையன் மேலதான் சார். அப்பாவா நான் என்ன பண்ணணும்?"

முதல்வர் அறையில் வைத்து அவனை அடிக்காதீர்கள். நிறைய அப்பாக்கள் செய்கிறார்கள், 'பாருங்க, நானே கண்டிச்சுட்டேன்' என்று காட்டுவதற்கு. அதற்குப் பிறகு பையன் வாயே திறக்க மாட்டான், கூட இருந்தவர்கள் யார், ஆரம்பித்தது எது என்பதெல்லாம் அவனோடே போய்விடும். தெரிந்த அரசியல்வாதியின் போனும் வேண்டாம், தண்டனை குறைந்தாலும் குழுவில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். செய்ததை அவனே சொல்லட்டும், அடிபட்டவன் வீட்டுக்கு மருத்துவச் செலவைக் கேட்காமலே கொடுங்கள். தண்டனை எவ்வளவு நாள் என்று முடிவெடுக்கும்போது இது கணக்கில் வரும்.

"தண்டனை முடிஞ்சு வகுப்புக்குத் திரும்பி வர்றான். மத்த பசங்க பயப்படறாங்க. வகுப்பாசிரியரா நான் என்ன செய்ய?"

இளம் ஆசிரியர் ஒருவர் கேட்டது, இதை இன்னும் அதிகம் பேர் கேட்க வேண்டும். அவன் வருவதற்கு முதல் நாளே அடிபட்டவனிடம் சொல்லிவிடுங்கள், திடீரென்று வாசலில் பார்க்க வேண்டாம். லேப் பேட்ச், புராஜெக்ட் குழு, விடுதி அறை மூன்றிலும் இருவரும் சேர்ந்து வராமல் பாருங்கள். திரும்பி வந்தவனிடம் வகுப்பு முன்னால் எதுவும் பேசாதீர்கள், அறிவுரையும் வேண்டாம், கிண்டலும் வேண்டாம். தவறவிட்ட இன்டர்னல் தேர்வுக்கு மறுவாய்ப்பு உண்டா என்பதைத் துறையில் கேட்டு அந்த வாரமே சொல்லிவிடுங்கள், அரியர் சேரச் சேரத்தான் அவன் மறுபடி பழைய கூட்டத்தோடு போய் நிற்பான்.